ஓர் அறைதானே என்கிறவர்களுக்கு

சிவனொளிபாத மலையின் அடிவாரத்தில், ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக வளைந்து வளைந்து வரும் பஸ் தன் ஓட்டத்தை முடித்துக்கொள்ளும் நல்லதண்ணியில், ஆண்டுதோறும் ஒக்டோபர் மாதம் பிறந்ததும் வீடுகளின் பின்புறத்திலிருந்து மண்வெட்டி விழும் சப்தம் கேட்கத் தொடங்கிவிடும். டிசம்பர்ப் போயாவோடு யாத்திரைக் காலம் ஆரம்பமாகி வெசாக் வரையில் நீடிக்கும். ஆதலால் மலையேற வருகிறவர்களுக்கு இராத்தங்க வாடகைக்கு விடத்தக்கதாய் ஓர் அறையை அதற்குள் எழுப்பிவிட வேண்டுமென்று கடைவீதிக்காரர் அவசரப்படுவார். ஏழு பேர்ச் காணியில் தனி வீடு பெற்றவர், மகனுக்குக் கலியாணம் ஆகுமுன் பக்கவாட்டில் ஓர் அறை இறக்க நினைப்பார். லயத்துக் காம்பராவில் மூன்று தலைமுறையாய் முடங்கிக் கிடப்பவர், இஸ்தோப்பை அடைத்துப் பின்னால் ஒரு குசினியாவது தள்ளிக் கட்டினால் மூச்சு விடலாமே என்று ஏங்குவார். இவர்களில் எவரையேனும் நிறுத்தி, "இதற்கு வரைபடம் போட்டவர் யார்?" என்று வினவினால், நம்மை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவர் சொல்லும் மறுமொழி ஒன்றுதான்: "ஒரு ரூம்தானேங்க! இதுக்குப் போயி இஞ்சினியரக் கூப்பிடணுமா? நம்ம பாஸ் இருக்காரு, பாத்துக்குவாரு."

இந்த வாசகம் எங்கள் பக்கத்தில் ஏறக்குறைய ஒரு பழமொழியின் அந்தஸ்தைப் பெற்றுவிட்டது. படித்தவர்களும் சொல்கிறார்கள், ஆசிரியர்களும் சொல்கிறார்கள், வீடு கட்டி ஒருமுறை சுவர் வெடித்துக் கஷ்டப்பட்டவர்கள்கூட, அடுத்த அறைக்கும் அதையே சொல்லிக்கொண்டு மேசன் பாஸைத் தேடிப் போகிறார்கள். இது விவேகம் போல ஒலிக்கும் ஓர் அவிவேகம் என்பதும், சிறிய வேலைக்குச் சிறிய ஆள் போதும் என்ற கணக்கு மலைச்சரிவில் தலைகீழாய்ப் போய்விடுகிறது என்பதும் என் கட்சி. அதை நிலைநாட்டுவதற்கு முன்னால், எதிர்க்கட்சியின் வாதத்தை அதன் முழுப் பலத்தோடும் எடுத்து வைப்பது என் கடமை. அருணந்தி சிவாசாரியர் தம் சித்தியாரில் பரபக்கத்தை முதலில் விரித்து, அதன் பிறகே சுபக்கத்துக்கு வந்தார். பிறர் பக்ஷத்தைக் கேளாமல் மறுப்பது வழக்காகுமேயன்றி வாதமாகாது.

அவர்கள் சொல்வது இது. பாஸ் என்பவர் இந்த மண்ணில் பிறந்தவர். அவருடைய கை பட்ட சுவர்கள் இப்பிரதேசமெங்கும் நிற்கின்றன. கல்லின் ஜாதியையும் மணலின் ஈரத்தையும் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். படித்தவருக்குக் கொடுக்கும் கட்டணத்தில் முப்பது நாற்பது மூட்டை சீமெந்து வாங்கிவிடலாம். கைக்காசோ, ஊழியர் சேமலாப நிதியில் ஓய்வின்போது கிடைத்ததும், சீட்டுப் பிடித்துச் சேர்த்ததும், நகையை அடகு வைத்துப் பெற்றதுமேயன்றி வேறில்லை. அன்றியும், லயம் நிற்கும் நிலம் நமதன்று; 1970களில் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டதும், 1992இல் அவற்றின் நிர்வாகத்தைக் கம்பெனிகளிடம் ஒப்படைத்ததும் நம் தலைக்கு மேலே நடந்த காரியங்கள்; உறுதிப்பத்திரம் இல்லாத இடத்தில் உறுதியான வரைபடம் எதற்கு? இவை மூன்றும் வெளிப்படையாய்ச் சொல்லப்படும் நியாயங்கள்.

வெளியே சொல்லப்படாமல் மனத்தின் அடியில் கிடக்கும் நாலாவது நியாயம் ஒன்றுண்டு. அதுவே எல்லாவற்றிலும் வலியது என்று நான் நினைக்கிறேன். இந்த மலைகளில் வரைபடம் போட்டவர் எவரும், அதில் குடியிருக்கப் போகிறவனைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று கோடு கிழித்து, முதுகோடு முதுகு ஒட்ட அறைகளை அடுக்கி, ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா என்று எண்ணிக் கொடுத்த லயமும் யாரோ ஒருவர் வரைந்த படத்திலிருந்துதான் எழுந்தது. அந்தப் படம் துரையின் கணக்குக்குப் பொருந்தியது, தாயும் மகளும் மருமகளும் ஒரே இடத்தில் படுத்தெழ வேண்டிய வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை. 1960களின் இறுதியில் மவுஸாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரத்தையே தண்ணீருக்குள் இறக்கியவர்களும் பொறியியலாளர்களே. கோடை முற்றித் தண்ணீர் வற்றும்போது மேலே தலைகாட்டும் பழைய கோயிலைப் பார்க்கிற எங்கள் ஜனங்களுக்கு, இஞ்சினியர் என்றால் அணைக்கும் தொழிற்சாலைக்கும் பங்களாவுக்கும் உரியவர் என்ற எண்ணம் ஊறிவிட்டதில் வியப்பொன்றுமில்லை. அந்த அவநம்பிக்கையை நான் பரிகசிக்க மாட்டேன், அது சம்பாதிக்கப்பட்டது.

ஆனால் காரணமுள்ள அவநம்பிக்கைகூடத் தவறான முடிவுக்குக் கொண்டுபோய் விடலாம். கொண்டுபோய் விட்டதை நான் என் தாய்மாமன் வீட்டில் பிரத்தியட்சமாய்க் கண்டேன்.

மாமா தோட்டத்தில் கங்காணியாய் இருந்து ஓய்வு பெற்றவர். கையில் வந்த பணத்தில், வீட்டுக்குப் பின்னால் யாத்திரீகர்களுக்கென்று ஓர் அறை கட்டினார். அழைத்து வந்த பாஸ் தொழிலில் கெட்டிக்காரர். அவர் கட்டிய சுவரில் தூக்குநூலை விட்டுப் பார்த்தால் நூலளவும் பிசகாது. இடம் போதாமையால் பின்புறத்து மேட்டை ஆளுயரத்துக்கும் மேலாகச் செங்குத்தாய் வெட்டி, வெட்டிய மண்ணை முன்புறத்துச் சரிவில் கொட்டிச் சமப்படுத்தி, பாதி அறை வெட்டிய தரையிலும் பாதி அறை கொட்டிய மண்ணிலும் நிற்கும்படியாகச் சுவர் எழுப்பினார்கள். வெட்டிய மேட்டுக்கும் பின்சுவருக்கும் நடுவே இரண்டடி இடைவெளி. பழைய கூரையின் தண்ணீரும் புதிய கூரையின் தண்ணீரும் அந்த இடைவெளிக்குள்தான் விழுந்தன. டிசம்பரிலிருந்து மே வரையில் ஒரு குறையுமில்லை. வந்தவர்கள் தங்கினார்கள், மாமா சந்தோஷமாய் இருந்தார். தென்மேற்குப் பருவக்காற்று ஜூனில் இறங்கியது. ஒரு வாரம் விடாமல் கொட்டிய மழையில் இடைவெளி வாய்க்காலாகி, பிறகு குளமாகி, ஒருநாள் இரவு மேட்டிலிருந்து மண் சரிந்து பின்சுவரின் மேல் சாய்ந்தது. முன்புறத்துச் சுவரோ, கொட்டிய மண் அமிழ்ந்ததால், கைவிரல் நுழையும்படி பிளந்துகொண்டது. யாத்திரைக் காலம் முடிந்து அறை காலியாய் இருந்தது ஒன்றே, ஓர் உயிரும் போகாமல் காத்தது.

பிறகுதான் ஒரு பொறியியலாளரை அழைத்து வந்தார்கள். அவர் குடையைப் பிடித்துக்கொண்டு பின்புறத்தில் நெடுநேரம் நின்றார், சுவரைப் பார்க்குமுன் மேலே தேயிலை மலையைப் பார்த்தார், "மேல இருந்து வர்ற தண்ணி முன்னால எந்தப் பக்கமா போய்க்கிட்டு இருந்திச்சு?" என்று கேட்டார். மாமா பதில் சொல்லத் தெரியாமல் பாஸைப் பார்த்தார். பாஸ் சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை: "ஐயா, ரூம் கட்டச் சொன்னாங்க, கட்டினேன். மலையப் பத்தி என்கிட்ட யாரும் கேக்கலையே."

அந்த மனிதர் சொன்னது அணுவளவும் பொய்யன்று. அவரைச் சுவருக்கு அமர்த்தினார்கள். சுவர் செங்குத்தாகவே நின்றது. மலைக்கு யாரையும் அமர்த்தவில்லை. இதில் என்னை அதிகமாய் வருத்தியது மற்றொன்று. நாற்பது ஆண்டுகள் ஆட்களை வைத்துத் தேயிலை மலையில் வடிகான் வெட்டுவித்தவர் மாமா. சரிவில் குறுக்காகக் கான் இல்லாவிட்டால் மழைநீர் மேல்மண்ணை வழித்துக்கொண்டு போய்விடும் என்பதையும், கான் அடைபட்ட மலை ஒரு மாரியில் சீரழிந்துவிடும் என்பதையும் அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. துரையின் தேயிலைக்குக் காட்டிய அந்த விவேகத்தைத் தம் சொந்த வீட்டுக்குக் காட்ட வேண்டுமென்று அவருக்குத் தோன்றாமல் போனதற்குக் காரணம், அந்த ஒற்றை வாசகம்தான்: ஓர் அறைதானே!

இனி வாதத்துக்கு வருவோம். சிறிய வேலை எளிய வேலை என்ற பிரமையே இந்த அபிப்பிராயத்தின் ஆணிவேர். உண்மையில், வெற்று நிலத்தில் புதிதாய் ஒரு வீடு கட்டுவதைவிட, நிற்கிற வீட்டோடு ஓர் அறையைச் சேர்ப்பது பல வகையில் நுட்பமான காரியம். பழைய சுவர் தன் பாரத்தால் மண்ணை அழுத்திப் பல ஆண்டுகளுக்கு முன்பே அமர்ந்துவிட்டது. புதிய சுவரோ இனிமேல்தான் அமரப் போகிறது. இரண்டையும் பல்லுக்குப் பல் கோத்துக் கட்டிவிட்டால், அமரும் சுவர் அமர்ந்துவிட்ட சுவரைப் பிடித்திழுத்துச் சந்தியில் வெடிப்பை உண்டாக்கும் என்பதும், இடையில் ஓர் இணைப்பு இடைவெளி விட்டு அதை மழை புகாமல் மூடுவதே முறை என்பதும் நிர்மாண சாஸ்திரத்தின் பாலபாடம். லயத்தின் பழைய சுவர் கருங்கல்லை அடுக்கி மண்ணாலோ சுண்ணாம்பாலோ பூசியதாய் இருக்கலாம். கூரையின் பாரம் முழுவதும் அதன் தலைமேல் இருக்கும். அதிலே ஒரு வாசலைப் பெயர்த்தெடுக்கும்போது, மேலே உத்தரக்கல்லோ கொங்கிரீட் விட்டமோ எவ்வளவு நீளத்துக்கு ஊன்ற வேண்டும், பெயர்க்கும் நேரத்தில் கூரையை எதனால் தாங்க வேண்டும் என்பவை கண்ணிதானத்தால் தீர்மானிக்கத்தக்க விஷயங்களல்ல. அடுத்த காம்பராக்காரரின் கூரையும் அதே சுவரில்தான் உட்கார்ந்திருக்கிறது.

கூரையையும் வெளிச்சத்தையும் பற்றிச் சொன்னால் கதை இன்னும் நீளும். பழைய கூரையின் தாழ்வாரத்துக்குக் கீழே புதிய தகரத்தை நுழைக்க வேண்டியிருப்பதால், புதிய கூரைக்கு வேண்டிய சாய்வு கிடைக்காமல் போகிறது. சாய்வு குறைந்த தகரம், காற்றோடு குறுக்கே அடிக்கும் எங்கள் மழையை உள்ளே விட்டே தீரும். காம்பராவுக்கு இருக்கிற ஒரே ஜன்னலை மறைத்துப் பின்னால் குசினியைத் தள்ளிக் கட்டும்போது, ஓர் அறையைச் சேர்த்ததாக நினைக்கிறோம். மெய்யாகவே நாம் செய்தது, காற்றும் ஒளியும் இருந்த அறையைக் குகையாக்கி, விறகுப் புகையை அதற்குள் அனுப்பியதுதான். வருஷத்தில் பாதி நாள் மூடுபனியில் கிடக்கும் ஊரில், காலை வெயில் எந்த மூலையில் எத்தனை நாழிகை விழுகிறது என்பதைக் கவனித்து ஜன்னல் வைப்பது பணக்காரரின் அலங்காரமன்று. பிள்ளைகளின் நெஞ்சுச் சளி சம்பந்தப்பட்டது. மலசலகூடக் குழியை எங்கே தோண்டுவது என்பதும் அப்படியே. நம் பின்புறம் கீழ் வீட்டுக்காரரின் முன்புறம். மேட்டு லயத்தின் குழியிலிருந்து கசிவது பணிய லயத்தின் பீலியில் போய்ச் சேரும். ஊருக்கே நல்லதண்ணி என்று பெயர் வைத்துக்கொண்டு இதை மறந்து கட்டுவது நமக்கு அழகன்று.

இவ்வளவும் வீட்டளவில். மலையளவில் நினைத்தால் நெஞ்சு நடுங்குகிறது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் தேதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களெங்கும் சரிவுகள் பிடுங்கிக்கொண்டு வந்தன. இவை யாரோ ஒருவர் குசினி கட்டியதால் விளைந்தவை என்று சொல்லுவது பாவம். அபாயமான இடமென்று முன்னரே எச்சரிக்கப்பட்டும் போக வேறு நிலம் கிடையாமல் அங்கேயே இருந்தவர்கள் மீரியபெத்தை ஜனங்கள். நான் சொல்வது வேறு. இந்த மலைகளின் மண், நீரைக் குடித்துக் கனத்தால் தன் பிடியை இழக்கும் தன்மையது என்பதை இச்சம்பவங்கள் எல்லார் கண்ணிலும் காட்டிவிட்டன, அப்படிப்பட்ட சரிவின் காலை நாம் ஆளுயரத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு, வெட்டிய மண்ணை வழியிலே கொட்டி, மழைநீர் போகிற வாய்க்காலையும் அடைத்துவிட்டு, ஓர் அறைதானே என்று சொல்லிக்கொண்டால், சிறியது அறை மட்டுமே, இடர் சிறியதன்று. நுவரெலியா உள்ளிட்ட மண்சரிவு மாவட்டங்களில் கட்டடம் எழுப்புமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அபிப்பிராயத்தைப் பெற வேண்டுமென்று விதி செய்திருப்பது காகிதம் சேர்ப்பதற்காகவன்று. 1984இல் தோன்றிய அந்த நிறுவனம், எந்தச் சரிவு எத்தகையது என்று மண்சரிவு அபாய வரைபடங்களே தயாரித்து வைத்திருக்கிறது. போய்க் கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

கட்டணத்தைப் பற்றிய வாதத்துக்கு இப்போது பதில் சொல்லலாம். சாந்து வாளியைச் சுமந்து வைத்த பின் எடுக்கும் தீர்மானங்களைவிட, மண்வெட்டி விழுமுன் எடுக்கும் நாலைந்து தீர்மானங்களே ஒரு கட்டடத்தின் செலவில் பெரும்பகுதியை நிர்ணயிக்கின்றன. அறையை மேட்டுப் பக்கமாய் ஐந்தடி தள்ளுவதா, வீட்டின் பக்கவாட்டில் சரிவோடு ஒட்டி நீளவாக்கில் வைப்பதா என்ற ஒரே தீர்மானம், ஒரு காப்பு மதில் வேண்டுமா வேண்டாமா என்பதை முடிவு செய்துவிடும். அந்த மதிலின் செலவு அறையின் செலவை விழுங்கிவிடக்கூடியது. காப்பு மதில் கட்டியே ஆக வேண்டுமென்றால், அதன் பின்னால் சல்லி நிரப்பி, நீர் வெளியேறத் துளைகள் விட்டுக் கட்ட வேண்டும். துளையில்லாத மதில் மண்ணை மட்டுமன்றி, தேங்கிய நீரின் பாரத்தையும் சேர்த்துத் தாங்க நேர்ந்து ஒருநாள் குப்புற விழும். சொல்லுகிறவருக்குக் கொடுக்கும் பணத்தைச் சீமெந்து மூட்டையோடு ஒப்பிடுவது, வைத்தியர் கட்டணத்தை மருந்துப் போத்தலோடு ஒப்பிடுவது போன்றது. மாமா இரண்டாம் முறை கட்டினார். முதல்முறையில் மிச்சம் பிடித்த கட்டணத்தை அவர் அன்று எண்ணிப் பார்க்கவில்லை, நான் எண்ணினேன்.

இங்கே மறுபக்கத்து மூடத்தனத்தையும் கண்டிக்காமல் விட்டால் என் வாதம் கோணலாகிவிடும். பாஸ் போதும் என்ற கட்சிக்கு எதிராய், கொழும்பிலிருந்து பட்டம் பெற்ற ஒருவர் கையெழுத்திட்டால் போதும் என்றொரு கட்சி இப்போது தலையெடுத்து வருகிறது. பிரதேச சபைக்கு ஒரு வரைபடம் வேண்டும். அதை நிலத்தை ஒருமுறையும் மிதிக்காத ஒருவரிடம் தொலைபேசியில் அளவு சொல்லி வாங்கிவிடுகிறார்கள். அல்லது பக்கத்து வீட்டுப் பிளானையே பெயர் மாற்றிக் கொடுக்கிறார்கள். பக்கத்து வீடு பாறையின்மேல் நிற்கும். நம் வீடு கொட்டிய மண்ணின்மேல் நிற்கும். படம் மட்டும் ஒன்றே. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் தொடங்கி அனுமதி பெறும் விதிகள் நமக்கு நூறாண்டுப் பழமையானவை. ஆனால் முத்திரை குத்திய காகிதம் தண்ணீரைத் திருப்பிவிடாது. நிலத்தைப் பாராத பட்டதாரியைவிட, நிலத்தைப் பார்த்த பாஸ் ஆயிரம் மடங்கு மேலானவர் என்பதை ஒப்புக்கொண்டே நான் பேசுகிறேன்.

அப்படியானால் தகுந்தவர் யார்? அறையின் அளவைக் கொண்டு ஆளைத் தேடாதீர்கள். இக்கட்டின் ஜாதியைக் கொண்டு தேடுங்கள் என்பதே என் விடை. சமமான இடத்தில், வெட்டும் கொட்டலும் இன்றி, ஒற்றைத் தட்டாய் ஓர் அறை போடுகிறவருக்கு, நேரில் வந்து அளந்து வரையும் அனுபவமுள்ள படவரைஞரே போதுமானவராய் இருக்கலாம். சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரையும் குழி விஷயத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் கலந்துகொண்டால் காரியம் முடிந்தது. மேட்டை வெட்ட வேண்டியிருந்தாலோ, பழைய சுவரைத் திறக்க வேண்டியிருந்தாலோ, மேலே இன்னொரு தட்டு ஏற்ற வேண்டியிருந்தாலோ, பொறியியலாளர் இல்லாமல் ஒரு கல்லும் நகரக்கூடாது. இடம் நெருக்கமாய், ஒளியும் காற்றும் தனிமையும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும் வீடாய் இருந்தால், அந்த முடிச்சை அவிழ்க்கப் பயின்றவர் கட்டடக்கலைஞர். கட்டடக்கலைஞர்களுக்கு 1976ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நிறுவகமும், பொறியியலாளர்களுக்கு 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பேரவையும் இருக்கின்றன. பதிவு உண்டா என்று வாய்விட்டுக் கேட்பது அவமரியாதையன்று. யாரானாலும் முன்னர் செய்த சிறிய வேலை ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அதையும் புதிதாய்ப் பூசிய மாதத்தில் பாராமல், இரண்டு மாரி கடந்த பிறகு போய்ப் பாருங்கள். அந்த வீட்டு அம்மாவிடம் எங்கே ஒழுகுகிறது என்று கேளுங்கள். உங்கள் ஆசைக்கு ஒருமுறையாவது "கூடாது" என்று சொல்லாதவரை நம்பாதீர்கள்.

கட்டடக்கலைஞர் என்ற சொல்லைக் கேட்டதும் பணக்காரர் விஷயம் என்று முகஞ்சுளிப்பவர்களுக்கு இரண்டு பெயர்களைச் சொல்வேன். கண்டியில் 1918இல் பிறந்து, 1948இல் பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர்களின் ராஜரீக நிறுவகத்தில் ஆசியப் பெண்களுள் முதல்வராய் இடம்பெற்ற மினெட் டி சில்வா, கண்டி வட்டப்புளுவையில் 1950களில் அரசு ஊழியர்களுக்கென வீடமைப்புத் திட்டம் ஒன்றை வகுத்தபோது, கோடு கிழிக்குமுன் குடியேறப் போகிறவர்களிடம் வினாப்பத்திரங்களைக் கொடுத்து, எப்படிச் சமைக்கிறீர்கள், எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்ற ரீதியில் அவர்களுடைய வாழ்க்கையைக் கேட்டறிந்தார். லயத்தைக் கட்டிய கை செய்யத் தவறியது எதுவோ, அதையே தொழிலின் முதற்படியாய் அவர் வைத்துக்கொண்டார். மற்றவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் நிலைகொண்டு 2007இல் மறைந்த அவர், குறைந்த செலவில் வீடு கட்டுவதையே வாழ்நாள் விரதமாய்க் கொண்டவர். சரிவை வெட்டிச் சமனாக்காமல் சரிவோடு இசைந்து கட்டுவதும், அங்கே கிடைக்கும் கல்லையும் செங்கல்லையும் வீணாக்காமல் ஆளுவதும் அவர் வழி. இவ்விருவரும் நம் லயத்துக்கு வரப்போவதில்லை. ஆயினும் இத்தொழிலின் உள்ளுயிர் ஏழையின் அறைக்கு அந்நியமானதன்று என்பதற்கு இவர்கள் சாட்சி.

நிலம் நமதில்லையே என்ற வாதம் எஞ்சியிருக்கிறது. அது முறையீடாக நியாயமானது. வீட்டைப் பலவீனமாய்க் கட்டுவதற்கு நியாயமாகாது. நெடுங்காலம் பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் சேவை செய்ய இடந்தராமலிருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. அம்பகமுவையிலிருந்து பிரிந்து மஸ்கெலியாவுக்கென்று தனிச் சபையும் வந்தது. நம் வரியிலும் வாக்கிலும் நிற்கும் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் நம் லயத்துக்கும் வந்து பார்க்க வேண்டுமென்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு; தனித்தனியே கட்டணம் கொடுக்க இயலாதவர்கள், ஒரே வரிசையில் இருக்கும் ஆறு குடும்பமாய்ச் சேர்ந்து ஒரு பொறியியலாளரை ஒருநாள் அழைத்து வந்தால், சுவரும் கூரையும் கானும் பொதுவாய் இருக்கிற இடத்தில் அதுவே மிகவும் பொருத்தமான ஏற்பாடும் ஆகும். தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்டுப் போகும்போதும், வெறுங்கையோடு நிற்பவனைவிடப் படத்தோடு நிற்பவனுடைய வார்த்தைக்குக் கனம் அதிகம்.

பாஸின் மரியாதை இதனால் குறையாது. எதை எங்கே கட்டுவது என்ற தீர்மானத்தின் பழியை அவர் தலையில் ஏற்றாமல், கட்டுவதன் பெருமையை மட்டும் அவருக்கு விடுகிறோம். மாமா வீட்டுப் பாஸ் இரண்டாம் முறை கட்டியபோது, பொறியியலாளர் சொன்ன இடத்தில் கானை வெட்டி, துளை விட்ட மதிலை எழுப்பி, முன்னிலும் சந்தோஷமாகவே கூலி வாங்கிக்கொண்டு போனார்.

ஆகவே இந்த ஒக்டோபரில் பின்புறத்தைப் பார்த்து மண்வெட்டியை ஓங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் தேர்ந்தெடுக்க நினைப்பவரை, வெயில் நாளில் அழைக்காமல் மழை பெய்யும் ஒருநாளில் வரச் சொல்லி, வீட்டின் பின்னால் கொண்டுபோய் நிறுத்துங்கள். அவர் முதலில் சுவரைப் பார்த்து அளவு நாடாவை எடுத்தால், வந்த செலவைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். மேலே மலையைப் பார்த்து, தண்ணி எந்தப் பக்கமாய்ப் போகிறது என்று கேட்டாரானால், உள்ளே அழைத்து ஒரு சாயத்தண்ணி கொடுத்து உட்கார வையுங்கள். பாஸை அதன் பிறகு கூப்பிடலாம்.